பெயரும் பொருளும்: கஹ்வா முதல் குவாரானா வரை

சிராப்பள்ளியிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் சாலையில் காவிரியையும் கொள்ளிடத்தையும் கடந்து சிறிது தொலைவு சென்றால் சமயபுரம் வருகிறது. மாரியம்மன் கோயிலால் பெயர்பெற்ற இவ்வூர் இரவிலும் விழித்திருக்கும் ஊர். சித்திரைத் தேரோட்டக் காலத்தில் பல ஊர்களிலிருந்தும் நடந்தே வரும் அடியார்கள் ஒருபுறம். ஆண்டு முழுவதும் சுங்கச்சாவடியைக் கடந்து செல்லும் லாரிகளின் ஓட்டுநர்கள் மறுபுறம். இவ்விரு சாராரின் உறக்கத்தையும் தள்ளிவைக்க உதவுபவை சாலையோரக் கடைகளின் காப்பியும் தேநீருமே ஆகும்.

அண்மைக் காலமாக வேறொன்றும் இவற்றோடு வந்து சேர்ந்துள்ளது. உறக்கத்தை ஓட்டும், உடலுக்கு ஊக்கம் தரும் என்று கூறி விற்கப்படும் எனர்ஜி டிரிங்க் குப்பிகளும், உடற்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்லும் இளைஞர் நாடும் பொடிகளும் மாத்திரைகளும் எங்கும் பரவி வருகின்றன. அவற்றில் பலவற்றின் மேலுறையைக் கூர்ந்து நோக்கினால், சிறிய எழுத்துகளில் ‘குவாரானா’ என்னும் பெயரைக் காணலாம். ‘இயற்கை மூலிகை’ என்ற அடைமொழியும் அதனோடு சேர்ந்திருக்கும்.

தேர்வுக்குப் படிக்கும் மகன் இதைக் குடிக்கலாமா? உடல் இளைக்க விரும்பும் மகள் இதை விழுங்கலாமா? மூலிகைதானே, இதனால் என்ன தீங்கு வந்துவிடப் போகிறது? இன்று பல இல்லங்களில் எழும் கேள்விகள் இவை. இவற்றைப் போன்ற கேள்விகள் நம் வரலாற்றில் முன்னரும் எழுந்துள்ளன. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் மக்காவிலும் கெய்ரோவிலும் உலமாக்களும் மருத்துவர்களும் கூடி அமர்ந்து, புதிதாக வந்த ஒரு பானத்தைப் பற்றி வாதிட்டார்கள். அப்பானம் காப்பி. அன்று அவர்கள் கண்ட தெளிவு இன்றைக்கும் நமக்கு வழிகாட்டக் கூடியது. ஆகவே அவ்வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

கஹ்வா என்னும் சொல்

காப்பிக்கு அரபு மொழியில் வழங்கும் பெயர் கஹ்வா. துருக்கியர் நாவில் அது கஹ்வே ஆயிற்று. ஐரோப்பியர் நாவில் காஃபி ஆயிற்று. தமிழில் காப்பி ஆயிற்று. ஆனால் இச்சொல் காப்பி பிறப்பதற்கு முன்பே அரபு மொழியில் இருந்தது. பழைய அரபுக் கவிஞர்கள் கஹ்வா என்று குறித்தது மதுவையே ஆகும். உணவின்மீது உள்ள நாட்டத்தைக் குறைப்பது என்னும் பொருள் தரும் வேரிலிருந்து இச்சொல் பிறந்தது என அகராதி ஆசிரியர்கள் விளக்குவர். மது பசியை மழுங்கச் செய்வதால் அதற்கு அப்பெயர் வந்தது. பின்னர்ப் பசியையும் உறக்கத்தையும் ஒருங்கே குறைத்த ஒரு புதிய பானம் தோன்றியபோது, அதே பெயர் அதற்கும் சூட்டப்பட்டது.

இப்பெயரே அப்பானத்திற்குப் பெருந்தொல்லையாயிற்று. மதுவின் பெயரைத் தாங்கி வந்த ஒன்றை மார்க்கப் பற்றுள்ளோர் ஐயக்கண் கொண்டு நோக்கியதில் வியப்பில்லை. பலர் கூடி அமர்ந்து ஒரே கிண்ணத்தைக் கைமாற்றிக் குடித்த வழக்கமும் மதுச்சாலைகளை நினைவூட்டியது. பெயரும் தோற்றமும் ஒருபுறம் இழுக்க, பொருளின் உண்மைத் தன்மை மறுபுறம் நின்றது. காப்பியைப் பற்றிய வழக்கு முழுவதும் இந்த முரண்பாட்டின்மீதே நடந்தது எனலாம்.

யமன் நாட்டு இரவுகள்

காப்பி குடிக்கும் வழக்கத்திற்கு நம்பத்தக்க முதற்சான்றுகள் கி.பி. 15ஆம் நூற்றாண்டின் யமன் நாட்டிலிருந்து கிடைக்கின்றன. அங்கிருந்த ஸூஃபிகள் இரவு வணக்கத்திலும் திக்ரு மஜ்லிஸ்களிலும் உறக்கம் மேலிடாதிருக்க இதனை அருந்தினார்கள். மோக்கா துறைமுக நகரில் வாழ்ந்த அலீ இப்னு உமர் அஷ்ஷாதுலீ (ரஹ்) அவர்களை இவ்வழக்கத்தின் முன்னோடியாகக் கருதுவது ஒரு மரபு. ஏடன் நகரின் முஃப்தியாக விளங்கிய முஹம்மது இப்னு ஸயீத் அத்தப்ஹானீ (ரஹ்) அவர்கள் இதனைப் பரப்பினார்கள் என்பது மற்றொரு மரபு. செங்கடலுக்கு அப்பால் உள்ள ஆப்பிரிக்கக் கரையில் தங்கியிருந்தபோது இப்பானத்தை அறிந்த அப்பெரியார், சோர்வையும் மந்தத்தையும் இது நீக்குவதைத் தம் அனுபவத்தில் கண்டு, ஏடன் திரும்பியபின் தம்மைச் சார்ந்தோருக்கும் எடுத்துரைத்ததாகக் கூறுவர்.

இச்செய்திகளை நமக்குத் தொகுத்துத் தந்தவர் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்துல் காதிர் அல்ஜஸீரீ என்னும் ஹன்பலீ அறிஞர். காப்பி ஆகுமானது என்பதை நிறுவுவதற்காகவே அவர் ‘உம்தத்துஸ் ஸஃப்வா’ என்னும் நூலை எழுதினார். யமன் நாட்டு மாணவர் தங்கிய அல்அஸ்ஹர் பள்ளியின் பகுதியில் திங்கள் இரவும் வெள்ளி இரவும் ஸூஃபிகள் கூடியதையும், சிவந்த மண் கலயத்திலிருந்து அவர்களின் தலைவர் சிறு அகப்பையால் முகந்து வலப்புறமாக ஒவ்வொருவருக்கும் கொடுத்ததையும், திக்ரு ஒலித்துக் கொண்டே இருந்ததையும் அந்நூல் வழியே அறிகிறோம்.

யமனுக்கும் தமிழ் முஸ்லிம்களுக்கும் உள்ள தொடர்பை வாசகர்கள் நன்கறிவர். நம் ஊர்களில் ஓதப்படும் ஹத்தாது ராத்திபை இயற்றிய அப்துல்லாஹ் இப்னு அலவீ அல்ஹத்தாத் (ரஹ்) அவர்கள் யமனின் ஹள்ரமவுத் பகுதியைச் சேர்ந்தவர்களே. ராத்திபு மஜ்லிஸ் நிறைவுறும் வேளையில் சூடாகத் தேநீரோ காப்பியோ வழங்கப்படும்போது, அந்தக் கிண்ணத்தின் பின்னால் எத்தனை நூற்றாண்டுகள் நிற்கின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மக்காவில் நடந்த விசாரணை

கி.பி. 1511ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஹிஜ்ரி 917 ரபீஉல் அவ்வல் மாதத்தில் ஓர் இரவு. அந்நாளில் மக்கா நகர் எகிப்தின் மம்லூக் சுல்தான்களின் ஆணைக்கு உட்பட்டிருந்தது. அங்காடிகளையும் பொது ஒழுக்கத்தையும் கண்காணிக்கும் முஹ்தஸிப் பதவியில் காயிர் பேக் என்பார் இருந்தார். ஹரம் ஷரீஃபுக்கு அருகில் சிலர் விளக்குகளோடு கூடியிருந்து எதையோ அருந்துவதை அவர் கண்டார். இவரைக் கண்டதும் அவர்கள் விளக்கை அணைத்துவிட்டனர். அது என்னவென்று விசாரித்தபோது, கஹ்வா என்னும் பானம் என்றும், மதுச்சாலைகளைப் போன்ற இடங்களில் அது விற்கப்படுகிறது என்றும் விடை கிடைத்தது.

மறுநாள் காலை அவர் உலமாக்களின் அவையைக் கூட்டினார். காப்பி நிறைந்த பாத்திரம் ஒன்று அவை நடுவே வைக்கப்பட்டது. முறைகேடான கூட்டங்களைத் தடுக்க வேண்டும் என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு எழவில்லை. ஆனால் பானத்தின் நிலை என்ன? விலக்குவதற்குச் சான்று கிடைக்கும்வரை எப்பொருளும் ஆகுமானதே என்பது ஃபிக்ஹுக் கலையின் அடிப்படை விதிகளுள் ஒன்று. ஆகவே இப்பானம் அறிவையோ உடலையோ கெடுக்கிறதா என்பதை மருத்துவர்களே கூற வேண்டும் என்று அவை கருதியது.

பாரசீகத்தைச் சேர்ந்த மருத்துவச் சகோதரர் இருவர் அழைக்கப்பட்டனர். காப்பி குளிர்ச்சியும் வறட்சியும் உடையது, உடலின் சமநிலையைக் கெடுப்பது என்று அவர்கள் கூறினர். அவையில் ஒருவர் எழுந்து, முற்கால மருத்துவர் இப்னு ஜஸ்லா தம் நூலில் ‘புன்’னைப் பற்றி இதற்கு மாறாகக் கூறியிருக்கிறாரே என்று எடுத்துக்காட்டினார். அங்கே கூறப்பட்ட புன் வேறு, இந்தப் புன் வேறு என்று மருத்துவர்கள் மறுமொழி தந்தனர். பெயர் ஒன்று, பொருள் வேறு என்ற வாதம் அன்றே தலைகாட்டியதை ஈண்டு நோக்குக.

அவ்வவையில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியும் சுவையானது. காப்பி குடித்தால் மதுவைப் போலவே போதை ஏறுகிறது என்று ஒருவர் சாட்சி சொல்ல வந்தார். மதுவின் தன்மை உமக்கு எவ்வாறு தெரியும் என்ற கேள்வி எழுந்தது. தாம் மது அருந்தியதை அவரே ஒப்புக்கொண்டவர் ஆனதால் தண்டனைக்கு ஆளானார் என்று வரலாறு கூறுகிறது.

முடிவில் காயிர் பேக் காப்பியைத் தடை செய்தார். கொட்டைகள் தெருக்களில் எரிக்கப்பட்டன. விற்றோரும் குடித்தோரும் அடிபட்டனர். அவையின் அறிக்கை கெய்ரோவுக்கு அனுப்பப்பட்டது. ஆனால் சுல்தான் கான்ஸூஹ் அல்கவ்ரியின் அரசிடமிருந்து வந்த ஆணை அவர் எதிர்பார்த்தவாறு அமையவில்லை. முறைகேடான கூட்டங்களைத் தடுக்குமாறு கூறிய அவ்வாணை, காப்பி என்னும் பொருளையே விலக்குமாறு கூறவில்லை. அடுத்த ஆண்டு காயிர் பேக்கும் பதவியிலிருந்து மாற்றப்பட்டார். மக்காவில் கஹ்வாவின் மணம் மீண்டும் எழுந்தது.

ஒரு காழியின் சோதனை

கெய்ரோவிலும் இப்பூசல் ஓயவில்லை. 1534ஆம் ஆண்டளவில் அஹ்மது அஸ்ஸுன்பாத்தீ என்னும் வாயிஸ் காப்பி ஹராம் என்று சொற்பொழிவாற்ற, அதைக் கேட்டு வெகுண்ட கூட்டம் காப்பிக் கடைகளைத் தாக்கியது. நகரம் இரு பிரிவாயிற்று. வழக்கு ஹனஃபீ காழியான முஹ்யித்தீன் இப்னு இல்யாஸ் அவர்களிடம் சென்றது.

அவர் என்ன செய்தார்? மதுவின் பெயரைக் கொண்டிருப்பதால் விலக்கப்பட்டது என்றும் கூறவில்லை. ஸூஃபிகள் அருந்தியதால் ஆகுமானது என்றும் கூறவில்லை. தம் இல்லத்திலேயே காப்பியைக் காய்ச்சச் செய்தார். ஒரு கூட்டத்தாரை வருவித்து அதனைக் குடிக்கக் கொடுத்தார். அவர்களோடு நெடுநேரம் அமர்ந்து உரையாடிக் கொண்டே அவர்களின் பேச்சையும் போக்கையும் கூர்ந்து நோக்கினார். அறிவு மயங்கியதற்கான அடையாளம் எதனையும் காணாமையால், காப்பி ஆகுமானதே எனத் தீர்ப்பளித்தார்.

போதை தரும் ஒவ்வொன்றும் விலக்கப்பட்டது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தெளிவான வாக்கு. விலக்கிற்குக் காரணம் போதை என்னும் தன்மை. அத்தன்மை ஒரு பொருளில் உண்டா என்பதைப் பெயரைக் கொண்டு அறிய முடியாது. பொருளை ஆராய்ந்தே அறிய வேண்டும். இப்னு இல்யாஸ் அவர்களின் செயல் இந்த விதியின் நடைமுறை விளக்கமாகும். ஆய்வுக்கூடம் என்பதை அறியாத அக்காலத்தில் ஒரு காழி தம் கூடத்தையே ஆய்வுக்கூடமாக்கினார் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியன்றோ!

உலமாக்கள் மற்றொரு வேறுபாட்டையும் பேணினார்கள். மக்காவில் 1525ஆம் ஆண்டளவில் இப்னுல் அர்ராக் என்னும் பெரியார் முறைகேடுகள் மலிந்த காப்பிக் கடைகளை மூடச் செய்தார். ஆனால் காப்பி குடிப்பதை அவர் தடுக்கவில்லை. பொருள் வேறு, அதனைச் சூழ்ந்த பழக்கம் வேறு என்று அவர்கள் பிரித்தறிந்தனர்.

ஏழு கொட்டைகள்

இந்தியாவுக்கும் காப்பி இவ்வழியேதான் வந்தது. ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோவுடன் 1610களின் பிற்பகுதியில் முகலாயர் நாட்டில் தங்கிய பாதிரியார் எட்வர்டு டெர்ரி, மார்க்கப் பிடிப்புள்ள மக்கள் மதுவைத் தொடாமல் காப்பி அருந்தியதைக் குறித்து வைத்துள்ளார். ஆகவே பானம் முன்னரே இங்கு அறிமுகமாகியிருந்தது. செடியைக் கொண்டுவந்த பெருமையை மரபு பாபா புதன் (ரஹ்) அவர்களுக்கு வழங்குகிறது. 17ஆம் நூற்றாண்டில் ஹஜ்ஜை முடித்துத் திரும்பிய அப்பெரியார் மோக்காவிலிருந்து ஏழு கொட்டைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் விதைத்தார்கள் என்பர். அம்மலை இன்றும் பாபா புதன்கிரி என்றே அழைக்கப்படுகிறது. 1690களின் இறுதியில் டச்சுக்காரர்கள் மலபாரிலிருந்தே ஜாவாத் தீவுக்குக் காப்பிக் கன்றுகளைக் கொண்டு சென்றனர்.

தமிழகத்தில் 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பி பயிரிடக் காரணமானார். தமிழ் மக்கள் அன்றாடம் காப்பி குடிக்கும் பழக்கமோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான் பரவியது. நீராகாரமும் பழைய சோறும் இருந்த இடத்தில் காப்பி வந்து அமர்ந்தபோது, மக்காவில் கேட்ட கண்டனங்களைப் போன்றவையே இங்கும் கேட்டன. உடலைக் கெடுக்கும் அந்நியப் பொருள், குடியைப் போன்ற அடிமைத்தனம் என்று பத்திரிகைகள் எழுதின. காந்தியடிகளும் தேநீர், காப்பி முதலியவற்றை விரும்பவில்லை. வரலாற்றறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி 2000ஆம் ஆண்டில் வெளியான ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூலில் இக்கதையை ஆராய்ந்துள்ளார்.

காலப்போக்கில் காப்பி ஸ்ரீரங்கத்து அக்கிரகாரங்களைப் போன்ற இல்லங்களின் அடையாளமாயிற்று. தேநீர் உழைப்பாளிகளுக்கும் முஸ்லிம்களுக்கும் உரிய பானமாகக் கருதப்பட்டது. ஸூஃபிகளின் வணக்க மேடையில் வளர்ந்து, ஹாஜி ஒருவரின் பெயரால் இந்நாட்டில் வேரூன்றிய பானம், இறுதியில் வேறொரு சமூகத்தின் முத்திரையைப் பெற்றது. பொருள்கள் பயணம் செய்கையில் பெயரும் உரிமையும் எவ்வாறெல்லாம் மாறிவிடுகின்றன! நம் வீடுகளில் இருமலுக்குக் கொடுக்கும் சுக்குக் காப்பியில் காப்பி துளியும் இல்லை. பெயர் மட்டுமே உண்டு.

மூன்று பெயர்கள், ஒரே பொருள்

பெயரில் மட்டும் காப்பி இருப்பதைச் சுக்குக் காப்பியில் கண்டோம். காப்பியின் சாரம் வேறு பெயரில் மறைந்து வருவதை இனிக் காண்போம்.

1819ஆம் ஆண்டில் ஜெர்மானிய இரசாயன அறிஞர் ரூங்கே காப்பிக் கொட்டையிலிருந்து அதன் ஊக்கச் சாரத்தைப் பிரித்தெடுத்தார். அதுவே காஃபீன். 1826இல் குவாரானா விதையிலிருந்து ஒரு சாரம் பிரிக்கப்பட்டுக் குவாரனின் எனப் பெயர் பெற்றது. 1827இல் தேயிலையிலிருந்து ஒன்று பிரிக்கப்பட்டுத் தேயின் எனப் பெயர் பெற்றது. பின்னர் நடந்த ஆய்வுகள் மூன்றும் ஒரே பொருளே என்று காட்டின. பெயர்கள் மூன்று, பொருள் காஃபீன் ஒன்றே.

குவாரானா தென்னமெரிக்காவின் அமேசான் காடுகளில் வளரும் ஒரு கொடி. நம் மக்கள் கீரையாக உண்ணும் முடக்கத்தானும் துணி வெளுக்கும் பூந்திக்கொட்டையும் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவை. பிரேசில் நாட்டில் வாழும் சத்தேரே மாவே என்னும் பழங்குடி மக்கள் இதன் விதைகளை வறுத்து இடித்துக் கோல்களாக உருட்டி உலர்த்தி வைப்பர். வேண்டும்போது பெருமீன் ஒன்றின் சொரசொரப்பான நாக்கெலும்பில் உரசித் தண்ணீரில் கலந்து குடிப்பர். 1669ஆம் ஆண்டிலேயே பெட்டென்டார்ஃப் என்னும் பாதிரியார் இவ்வழக்கத்தைக் குறித்துள்ளார். பசி தணியவும் வேட்டையில் சோர்வு தட்டாதிருக்கவும் அவர்கள் இதனைப் பயன்படுத்தினர். கஹ்வா என்னும் சொல்லின் வேர்ப்பொருளும் பசி குறைதல்தானே! இன்று உடல் இளைக்கும் மாத்திரைகளில் குவாரானாவைச் சேர்ப்பதும் அதே தன்மையைக் கருதித்தான்.

காப்பிக் கொட்டையின் எடையில் காஃபீன் ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காடு. குவாரானா விதையிலோ அது 2 முதல் 6 விழுக்காடுவரை காணப்படுகிறது. ஒரு கரண்டியில் 3 கிராம் பொடி இருப்பதாகக் கொண்டால், அதில் 60 மில்லிகிராம் காஃபீனும் இருக்கலாம், 180 மில்லிகிராமும் இருக்கலாம். இந்த ஏற்றத்தாழ்வே முதல் ஆபத்து.

மூலிகை என்னும் திரை

மூலிகை என்றால் தீங்கற்றது என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. ஊமத்தையும் அரளியும் செடிகளே என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அண்மைக் கால வரலாற்றிலிருந்தே ஒரு சான்று கூறலாம். சீன மருத்துவத்தில் நெடுங்காலம் பயன்பட்ட எஃபெட்ரா என்னும் செடி 1990களில் அமெரிக்காவில் உடல் இளைப்பதற்கான மாத்திரைகளில் பெரிதும் சேர்க்கப்பட்டது. அதனோடு குவாரானா முதலிய காஃபீன் தரும் பொருள்களும் சேர்ந்தன. இதயத்தை விரைந்து துடிக்கச் செய்யும் இரண்டு பொருள்கள் ஒன்றுகூடின. மாரடைப்பும் பக்கவாதமும் மரணங்களும் பதிவாயின. இறுதியில் 2004ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு எஃபெட்ரா கலந்த துணையுணவுகளைத் தடை செய்தது. சீன வைத்தியர் நோயாளியைப் பார்த்து அளந்து கொடுத்தபோது மருந்தாக இருந்த ஒன்று, அளவின்றிக் கடையில் விற்கப்பட்டபோது நஞ்சாயிற்று.

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் வகுத்த விதி, காஃபீன் பானம் ஒரு லிட்டரில் 145 முதல் 300 மில்லிகிராம்வரை காஃபீன் இருக்கலாம் என்று வரையறுத்தது. அது எம்மூலத்திலிருந்து வந்தாலும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பது அவ்விதியின் சிறப்பு. குழந்தைகள், கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோருக்கு ஏற்றதன்று என்ற எச்சரிக்கையையும் குப்பியின்மீது அச்சிட வேண்டும். குவாரானா என்ற பெயரில் வந்தாலும் காஃபீன் காஃபீனே என்று சட்டம் கூறுகிறது. கெய்ரோ காழியின் நோக்கும் இதுவே அன்றோ!

அளவே அளவுகோல்

காஃபீனால் நன்மை இல்லையா எனில், உண்டு. நாள் முழுவதும் உழைத்த மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து உறக்கத்தை அழைக்கிறது. காஃபீன் அதன் இருக்கையைத் தான் பிடித்துக் கொண்டு அந்த அழைப்பு எட்டாதவாறு தடுக்கிறது. தலைவலி மாத்திரைகள் சிலவற்றில் காஃபீன் சேர்க்கப்படுகிறது. குறைமாதத்தில் பிறந்து மூச்சு தடைப்படும் குழந்தைகளுக்குக்கூட மருத்துவர்கள் இதனை அளந்து கொடுக்கிறார்கள். ஆனால் அது சோர்வை மறைக்கிறதே தவிர நீக்குவதில்லை. உறக்கத்தின் கடன் அப்படியே நிற்கும். இரவு முழுவதும் வண்டி ஓட்டுவோர் இதனை மனத்தில் இருத்த வேண்டும்.

உடல்நலமுள்ள பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம்வரையிலும், ஒரு வேளையில் 200 மில்லிகிராம்வரையிலும் காஃபீன் கொள்வதால் தீங்கில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் கருத்துரைத்தது. கருவுற்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் எல்லை. சிறுவர்களுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 3 மில்லிகிராம். 30 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு 90 மில்லிகிராமோடு எல்லை முடிகிறது. நம் வீட்டு டவராக் காப்பியில், தூளின் வகைக்கும் சிக்கரியின் பங்கிற்கும் ஏற்ப, ஏறத்தாழ 50 முதல் 100 மில்லிகிராம் இருக்கும். சிக்கரியில் காஃபீன் கிடையாது. விதிப்படி 250 மில்லி எனர்ஜி டிரிங்க் குப்பியில் 75 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது. மாத்திரையிலும் பொடியிலுமோ ஒரே விழுங்கில் 200 மில்லிகிராமும் அதற்கு மேலும் உட்சென்றுவிடக் கூடும்.

காப்பியின் சூடும் கசப்பும் மெல்ல மெல்லக் குடிக்கச் செய்து ஓர் இயற்கைத் தடையாக அமைகின்றன. மாத்திரைக்கு அத்தடை இல்லை. தூய காஃபீன் பொடியில் ஏறத்தாழ 10 கிராம் ஒருவரின் உயிரைப் பறிக்கப் போதுமானது. அது இரண்டு மூன்று தேக்கரண்டிக்கு மேல் இராது.

உட்சென்ற காஃபீனில் பாதியளவு நீங்கவே பெரும்பாலோருக்கு ஐந்து மணி நேரம் அளவில் ஆகும். கருவுற்ற பெண்களின் உடலிலும், கல்லீரல் நோயுற்றோர் உடலிலும் அது இன்னும் நெடுநேரம் தங்கும். சில கிருமிக்கொல்லி மருந்துகளும் அதன் வெளியேற்றத்தைத் தாமதப்படுத்தும். ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலின் மருந்தோடு சேர்ந்தால் படபடப்பு மிகும். இதய நோய், இரத்த அழுத்தம், வலிப்பு, மனப்பதற்றம் உடையோர் மருத்துவரைக் கேளாமல் இத்தகைய மாத்திரைகளைத் தொடலாகாது. உணவோடு சேர்த்துக் காப்பியோ தேநீரோ குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். இரத்தசோகை மிகுந்த நம் பெண்கள் உணவுக்கும் காப்பிக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுதல் நலம்.

நோன்பும் தேர்வும்

ரமலான் மாதத்தின் முதல் சில நாட்களில் பிற்பகலில் பலருக்குத் தலைவலி வருவதுண்டு. பசியே காரணம் என்று கருதுகிறோம். நாள்தோறும் காப்பி குடித்துப் பழகிய உடலுக்குத் திடீரென்று காஃபீன் நின்றுபோவதும் ஒரு காரணமாகும். ஷஃபான் மாதத்திலேயே காப்பியைச் சிறிது சிறிதாகக் குறைத்து வந்தால் நோன்பு இலகுவாகும். தலைவலிக்கு அஞ்சி ஸஹர் வேளையில் மாத்திரைகளை விழுங்குவது தக்க வழியன்று.

தேர்வுக் காலத்தில் மாணவர்கள் இரவெல்லாம் விழித்திருக்க இத்தகைய குப்பிகளை நாடுகின்றனர். படித்தவை உள்ளத்தில் பதிவது உறக்கத்தின்போதுதான் என்பதை அறிவியல் உறுதியாகக் காட்டியுள்ளது. உறக்கத்தை விற்று நினைவை வாங்க முடியாது. ஒரு குப்பிக்கு மேல் இன்னொரு குப்பி, அதன்மேல் காப்பி, அதன்மேல் மூலிகை மாத்திரை என்று அடுக்கும்போது, வெவ்வேறு பெயர்களில் ஒரே பொருளையே அடுக்குகிறோம் என்பதை இளைஞர்கள் அறியார். அறிவுறுத்த வேண்டியது பெற்றோர் கடமை.

யமன் நாட்டு ஸூஃபிகளும் விழித்திருக்கவே கஹ்வாவை அருந்தினார்கள். ஆனால் அவர்கள் வாரத்தில் குறித்த இரவுகளில், குறித்த நோக்கத்திற்காக, ஒரு சிறு அகப்பை அளவில், பெரியவர் ஒருவரின் கைவழியே அருந்தினார்கள். நாளும், நோக்கும், அளவும், கண்காணிப்பும் அங்கே இருந்தன. இன்றைய குப்பியில் இவற்றுள் எது இருக்கிறது?

தனக்கும் தீங்கு கூடாது, பிறருக்கும் தீங்கு கூடாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை விதி. குவாரானா அவ்விதிக்கு உட்பட்டதே. அது வெறுக்கத்தக்க பொருளும் அன்று. கண்ணை மூடி நம்பத்தக்க மூலிகையும் அன்று. அது காஃபீன் நிறைந்த ஒரு விதை. ஆகவே கடையில் ஒரு குப்பியையோ மாத்திரையையோ கையிலெடுக்கும்போது, முன்பக்கத்துப் பெயரைப் படிப்பதோடு நில்லாது திருப்பிப் பின்பக்கத்து எண்ணையும் படியுங்கள். காஃபீன் எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருந்தால், அன்று குடித்த காப்பியோடு கூட்டிக் கணக்கிடுங்கள். எழுதாமல் மூலிகையின் பெயரை மட்டும் போட்டிருந்தால், அதனை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.